கண்ணுக்குள் போன கடுகளவு இரும்பு

2017 ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். கோவையில் மோட்டார் பம்பு பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் அப்போது ஃபிட்டராக இருந்தேன். ஷாஃப்டை விட்டுக் கழல மாட்டேன் என்று ஒரு பேரிங் அடம் பிடித்தது. பேரிங்கைக் கழற்றும் புல்லர் பக்கத்துப் பட்டறைக்குப் போயிருந்தது. போய் வாங்கி வரச் சோம்பல். உளியை வைத்துச் சுத்தியலால் நாலு போடு போட்டேன். அந்த உளி எனக்கும் சீனியர். அடி வாங்கி வாங்கித் தலை பூவாக விரிந்து, ஓரமெல்லாம் பிசிறு. நாலாவது அடியில் வலது கண்ணில் சுள்ளென்று ஏதோ பட்டது. தாளிக்கும்போது கடுகு தெறிக்குமே, அவ்வளவுதான்.

ரத்தம் இல்லை. வலியும் பத்து நிமிடத்தில் போய்விட்டது. வெளியே ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. தூசிதான் என்று நினைத்து முகம் கழுவினேன், கண்ணை நன்றாகத் தேய்த்தேன், மீதி வேலையையும் முடித்தேன். பாதுகாப்புக் கண்ணாடி பட்டறையில் இருந்தது, ஆணியில் தொங்கிக்கொண்டு. போட்டால் எதிரே நிற்கும் ஆள் தெரியாத அளவுக்குக் கீறல் விழுந்த கண்ணாடி. அதை யாரும் போடவும் இல்லை, மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் பார்வை லேசாகப் புகை மூட்டமாக இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். கடைக்காரர் கண்ணைக்கூடப் பார்க்காமல் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். வீட்டில் அம்மா தாய்ப்பால் விடலாம் என்றார், பெரியம்மா விளக்கெண்ணெய் என்றார். நல்ல வேளையாக அந்தத் தெருவில் அப்போது கைக்குழந்தை வைத்திருந்தவர் யாரும் இல்லை. விளக்கெண்ணெயை நான்தான் வேண்டாம் என்றேன். அறிவால் அல்ல, பிசுபிசுக்கும் என்று.

ஞாயிறு முழுக்கத் தூங்கினேன். திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போது என் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கண்ணுக்குள்ள வெள்ளையா ஏதோ இருக்குதுங்க" என்றாள். இடது கண்ணை மூடிப் பார்த்தேன். எதிரே சுவர் இருக்கிறது என்பது தெரிந்தது. அதில் மாட்டியிருந்த காலண்டர் தெரியவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் தாடையை வைத்து விளக்கொளியில் பார்த்த டாக்டரம்மா, முதலில் கேட்டது "என்ன பட்டது?" என்று அல்ல. "இரும்பு மேல இரும்பு அடிச்சீங்களா?" என்றுதான் கேட்டார். எனக்கு ஆச்சரியம். கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் கருவிழியில் 2 மில்லிமீட்டருக்கு ஒரு சின்ன வெட்டு, தானாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் பின்னால் லென்ஸின் உறை கிழிந்திருந்தது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் தெளிவாக உட்கார்ந்திருப்பது. பை கிழிந்தால் கண்ணுக்குள் இருக்கும் நீர் உள்ளே இறங்கி லென்ஸ் ஊறி உப்பி, வெள்ளையாகிவிடும். சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ நடந்துவிடுமாம். முட்டையின் வெள்ளைக்கரு வெந்து வெளுப்பதை நினைத்துக்கொண்டேன். அதுதான் என் கண்புரை. அப்போது எனக்கு வயது 34.

எக்ஸ்ரேயில் கண் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. கருவிழியைத் துளைத்து, லென்ஸைத் துளைத்து, உள்ளே போய் உட்கார்ந்திருந்தது உளியின் பிசிறு. சரியான இடம் தெரிய சி.டி. ஸ்கேன் எழுதினார்கள். கூட வந்த மச்சான் அன்பு மிகுதியில், "எம்.ஆர்.ஐ. எடுத்துரலாமுங்களா, காசு போனாப் போகுது" என்றார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். உள்ளே இருக்கும் இரும்பை அது இழுத்தால் மிச்சம் இருக்கும் கண்ணையும் கிழித்துக்கொண்டு நகரும். பட்டறை வேலை, வெல்டிங், கிரைண்டிங் செய்கிறவர்கள் வேறு எந்த நோய்க்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும், கண்ணில் எப்போதாவது இரும்பு பட்டதுண்டு என்றால் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். இதைப் பட்டறையில் எல்லோரிடமும் நான் சொல்லியாகிவிட்டது.

சொட்டு மருந்துப் பாட்டிலை வாங்கிப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. ஸ்டீராய்டு கலந்த மருந்து. ஆபரேஷனுக்குப் பிறகு அதே வகை மருந்தை அவர்களே வாரக்கணக்கில் கொடுத்தார்கள், அது வேறு கதை. துளை விழுந்த கண்ணில் யாரும் பார்க்காமல் விட்டால், உள்ளே கிருமி வளர்வது வெளியே தெரியாமல் மறைத்துவிடும். சிவப்பும் வலியும் குறைகிறதே என்று நாம் வீட்டில் உட்கார்ந்திருப்போம். முள்ளோ சோளத்தட்டையோ குத்திய கண் என்றால் பூஞ்சைக் கிருமிக்கு இந்த மருந்து விருந்து மாதிரி.

அன்றைக்கே ஆபரேஷன் என்றார்கள். ஆனால் வரும் வழியில் பேக்கரியில் டீயும் பன்னும் சாப்பிட்டிருந்தேன். கண்ணில் திறந்த காயம் இருக்கும்போது கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டால், அந்த அழுத்தத்தில் உள்ளே இருப்பது வெளியே பிதுங்கக்கூடும். அதனால் முழு மயக்கம். அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். ஒரு பன்னுக்காக 6 மணி நேரம் காத்திருந்தேன். கண்ணில் பலமாக அடிபட்டால் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை எதுவும் சாப்பிட வேண்டாம் என்பது இப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த 6 மணி நேரத்தில் ஒரு நர்ஸ் சொன்னதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். குத்திய காயம் என்றால் கண்ணைக் கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது, பஞ்சை வைத்து அழுத்திக் கட்டக் கூடாது. டீ குடிக்கும் பேப்பர் கப்பின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணைத் தொடாமல் எலும்பின் மேல் உட்காரும்படி கவிழ்த்து, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வர வேண்டும். குத்தியது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிடுங்கவே கூடாது. சுண்ணாம்போ ஆசிடோ பட்டால் மட்டும் நேர்மாறு: அங்கேயே, அந்த நிமிடமே, குழாயடியில் நின்று கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும், பிறகுதான் ஆஸ்பத்திரி. இந்த இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகமாம்.

அன்று ராத்திரி செய்தது ஒரே ஆபரேஷன், ஆனால் உள்ளே நாலு வேலை. கருவிழி வெட்டுக்கு ஒரு தையல். தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூல், தையல் போட்ட கண்ணுக்கே தெரியாது. ஊறிப்போன லென்ஸை உறிஞ்சி எடுத்தார்கள். லென்ஸுக்குப் பின்னால் கண்ணை நிரப்பியிருக்கும் ஜெல்லியை வெட்டி எடுத்துவிட்டு இரும்பை வெளியே கொண்டுவந்தார்கள். அது விழித்திரையின் ஓரத்தில், பார்வையின் மையத்தை விட்டுத் தள்ளியே கிடந்திருக்கிறது. கிடந்த இடத்தைச் சுற்றி லேசர் வைத்து, கிருமி பரவாமல் இருக்கக் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் ஊசியும் போட்டார்கள். மறுநாள் ஒரு குட்டி பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். கடுகைவிடச் சின்னது. நாள் கடத்தாமல் 24 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் கிருமி பயம் இன்னும் குறைவாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். இரும்பு கண்ணுக்குள்ளேயே துருப்பிடிக்கும், அந்தத் துரு மெல்ல மெல்ல விழித்திரையைச் சாகடிக்கும் என்றார். துருவைப் பற்றி எனக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒரே வாக்கியம்: "புரைதானே, எங்க மாமனாருக்குக் காலைல பண்ணி சாயங்காலம் ஊட்டுக்கு வந்துட்டாரு." மாமனார்களுக்கு வருவது வயதால் வரும் புரை. லென்ஸ் மட்டும்தான் மங்கியிருக்கும். பை முழுசாக இருக்கும், அதைத் தாங்கும் இழைகள் உறுதியாக இருக்கும், கருவிழி கண்ணாடி போல இருக்கும். பழைய லென்ஸை எடுத்தோம், அதே பையில் புதுசை வைத்தோம் என்று முடிந்துவிடும். அடிபட்ட கண்ணில் லென்ஸைத் தவிர வேறு எதெல்லாம் உடைந்திருக்கிறது என்பது உள்ளே போன பிறகுதான் முழுசாகத் தெரியும். அதனால் டாக்டர்கள் முன்கூட்டியே எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். "பார்வை எவ்வளவு வரும்?" என்று நான் நச்சரித்தபோதெல்லாம், "முதல்ல கண்ணைக் காப்பாத்துவோம், அப்புறம் பார்வை" என்பதுதான் பதில். அப்போது கோபமாக வந்தது. அவர் சொன்ன வரிசைதான் சரி.

எனக்கு அன்றைக்கே செயற்கை லென்ஸ் வைக்கவில்லை. கிருமி பயம் ஒரு காரணம். இன்னொன்று, தையல் போட்ட கருவிழியை அளந்தால் கிடைக்கும் கணக்கு தப்பாக வரும், தப்பான பவரில் லென்ஸ் உட்கார்ந்துவிடும். 3 மாதம் போகட்டும் என்றார்கள். அந்த 3 மாதம்தான் ஆபரேஷனைவிடக் கஷ்டம். வலது கண்ணில் வெளிச்சமும் நிறமும் வந்துவிட்டன, ஆனால் உருவம் எல்லாம் கலங்கல். லென்ஸ் இல்லாத கண்ணுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி போடலாமே என்றால், அந்தக் கண்ணில் மட்டும் உருவம் கால் பங்கு பெரிதாகத் தெரியும். ஒரு மனைவிக்கு இரண்டு மனைவி, அதுவும் வேறு வேறு சைஸில். கான்டாக்ட் லென்ஸ் போடலாம், ஆனால் பட்டறைத் தூசிக்கு ஆகாது. ஆக, ஒற்றைக் கண் வாழ்க்கை.

ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியாது. டம்ளருக்கு வெளியே டீ ஊற்றினேன். படியில் கடைசிப் படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்து விழப்பார்த்தேன். வலப்பக்கம் யார் வந்து நின்றாலும் திடுக்கிடுவேன். பழகப் பழகச் சில தந்திரங்கள் வந்தன: பாட்டில் வாயை டம்ளர் விளிம்பில் தொட்டுக்கொண்டு ஊற்றுவது, இறங்கும்போது கைப்பிடிச் சுவரை விடாமல் பிடிப்பது, நடக்கும்போது மனைவியை வலப்பக்கம் வரச் சொல்வது. பைக்கை 3 மாதமும் தொடவில்லை. தொட்டுப் பார்த்தவர்களின் கதையை வார்டிலேயே கேட்டிருந்தேன்.

வார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துப் படுக்கையில் 6 வயதுப் பையன், பொள்ளாச்சிப் பக்கம். கிட்டிப்புள் விளையாட்டில் புள் வந்து கண்ணில் அடித்திருக்கிறது. துளை இல்லை, மோதல்தான். முதலில் கண்ணுக்குள் ரத்தம் கட்டி, அது கரைந்து, "சரியாயிருச்சு" என்று எல்லோரும் மறந்த பிறகு 3 மாதம் கழித்துப் புரை. மோதலில் வரும் புரை சில சமயம் லென்ஸுக்குள் பூவிதழ் விரித்த மாதிரி இருக்குமாம். லென்ஸைத் தாங்கும் இழைகள் ஒரு பக்கம் அறுந்து, லென்ஸ் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. பைக்குள் வளையம் ஒன்றை நுழைத்து விறைப்பாக்கித்தான் லென்ஸ் வைத்தார்கள். குழந்தைகளுக்குப் பையின் பின்சுவர் சீக்கிரமே மங்கிவிடும் என்பதால் அதே ஆபரேஷனில் அங்கே ஒரு ஜன்னலும் வெட்டிவிட்டார்கள்.

அந்தப் பையனின் அம்மாவுக்கு உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சின்ன வயதில் ஒரு கண் கொஞ்ச காலம் மங்கலாக இருந்தால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் நம்பப் பழகிவிடும். லென்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பார்வை வராது. அதனால் நல்ல கண்ணை தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடிவைத்து, அடிபட்ட கண்ணை வேலை வாங்க வேண்டும். பையன் பட்டியின் ஓரத்தைத் தூக்கி எட்டிப் பார்ப்பான். அந்த அம்மா கடைசியில் கண்டுபிடித்த வழி, பட்டி இருக்கும்போது மட்டும் போனில் கார்ட்டூன். குழந்தைக்குப் போன் கொடுக்கலாமா என்று உபதேசம் செய்ய வந்த பெரியவரை அவர் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. குழந்தைக்குக் கண்ணில் அடிபட்டால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் காட்டிவிட வேண்டும், சில மாதங்கள் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும். ஒரு கண்ணில் தெரியவில்லை என்று குழந்தைகள் தானாகச் சொல்வதே இல்லை.

எதிர்ப் படுக்கைத் தாத்தாவுக்குத் தென்னமட்டை விழுந்தது பல வருஷத்துக்கு முன்னால். அப்போது பார்வை போகவில்லை, அதனால் விட்டுவிட்டார். உள்ளே கண் நீர் வடியும் மூலை கிழிந்து, சத்தமில்லாமல் அழுத்தம் ஏறி, நரம்பில் பாதி போன பிறகு, புரைக்காக வந்த இடத்தில் தெரிந்திருக்கிறது. அவரைப் பார்த்த பிறகுதான் நான் வருஷத்துக்கு ஒரு தரம் கண் பிரஷர் பார்ப்பதைத் தவறவிடுவதில்லை.

என்னை மிகவும் பயமுறுத்தியது இடது கண். துளைபட்ட கண்ணுக்குத் துணையாக மற்றக் கண்ணும் வீக்கம் கண்டு பார்வை இழக்கும் நோய் ஒன்று உண்டு, ரொம்ப அபூர்வம் என்றார்கள். அடிபட்டு வாரங்களிலும் வரலாம், வருஷங்கள் கழித்தும் வரலாம். நல்ல கண் சிவந்தால், வெளிச்சம் கூசினால், மங்கினால் அன்றைக்கே ஓடி வர வேண்டும். பார்வையற்றோர் எழுத்தைக் கண்டுபிடித்த லூயி பிரெய்ல் 3 வயதில் அப்பாவின் சேணப் பட்டறையில் ஊசியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டார், மற்றக் கண்ணும் கொஞ்ச காலத்தில் போனது. அவருக்கு வந்தது இதுவாகத்தான் இருக்கும் என்கிறார்கள். 1812இல் அதற்கு மருந்து இல்லை, இப்போது சீக்கிரம் வந்தால் இருக்கிறது. ஆனாலும் பட்டறை என்ற சொல் அந்தக் கதையில் வந்தது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஐப்பசியில் தையலைப் பிரித்து, அளவெடுத்து, இரண்டாவது ஆபரேஷன். இந்தத் தடவை ஊசி போட்டு மரத்துப்போக வைத்தே செய்தார்கள். பையின் பின்பகுதி போய்விட்டதால், மிஞ்சிய முன்பகுதியின் மேல், கண்ணின் கறுப்புத் திரைக்குப் பின்னால், கை நீண்ட லென்ஸ் ஒன்றை உட்கார வைத்தார்கள். அந்த ஆதாரமும் இல்லாதவர்களுக்கு வெள்ளை விழிச் சுவரில் மாட்டியோ தைத்தோ வைப்பார்களாம்.

இந்தச் செயற்கை லென்ஸ் பிறந்த கதையே கண்ணில் அடிபட்டவர்களால்தான். இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட பிரிட்டிஷ் விமானிகளின் கண்களில் விமான மூடியின் பிளாஸ்டிக் சில்லுகள் தங்கியிருந்தன. கண் அவற்றோடு சண்டை போடாமல் சும்மா இருந்ததை ஹெரால்ட் ரிட்லி என்ற லண்டன் டாக்டர் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29இல் ஒரு நோயாளிக்கு வைத்தார். மற்ற டாக்டர்கள் அவரை வருஷக்கணக்கில் ஏசினார்கள். நம் ஊரில் 1992இல் மதுரை ஆரோலேப் நிறுவனம் லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகுதான் அது சாதாரண ஜனங்கள் வாங்கும் விலைக்கு வந்தது. கண்ணுக்குள் தங்கினாலும் பிளாஸ்டிக் சும்மா இருக்கும், இரும்பு இருக்காது. என் கண் இரண்டையும் பார்த்துவிட்டது.

பணத்தைப் பற்றி. எனக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருந்தது. ஆனால் பட்டறையில் "வீட்ல அடிபட்டதுன்னு சொல்லிக்கோ, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் ஓ.பி. சீட்டிலேயே வேலை செய்யும் இடத்தில், உளி அடிக்கும்போது பட்டது என்று எழுத வைத்தார். விபத்து அறிக்கையும் போனது. அதனால்தான் வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் வந்தது. நிரந்தரமாகப் பார்வை குறைந்திருந்தால் மருத்துவக் குழு முன் நிற்கவும் அந்தச் சீட்டுதான் ஆதாரம். முதல் சீட்டில் எழுதியதுதான் கடைசி வரை பேசும். பட்டறைக்காரர்கள் "பாத்துக்கறோம்" என்றது இரண்டு தடவை ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்ததோடு சரி.

சொட்டு மருந்தை அட்டவணை போட்டு விட்டேன். ஒரு நாளைக்கு 8 தரம், அப்புறம் 6, அப்புறம் 4 என்று படிப்படியாகக் குறைக்க வேண்டும். நன்றாகிவிட்டது என்று நாமே நிறுத்தினால் வீக்கம் திரும்பும். நாமே நீட்டித்தால் சிலருக்குக் கண் பிரஷர் ஏறும். கேலண்டரில் டிக் அடித்தது என் பெண். அவளுக்கு அப்போது 7 வயது, ஒரு சொட்டு தப்பினாலும் விட மாட்டாள்.

இப்போது வலது கண்ணில் கண்ணாடி போட்டு 6/9 வரை, அதாவது முழுப் பார்வையான 6/6க்கு ஒரு படி கீழே வரை தெரிகிறது. ராத்திரி எதிரே வரும் லாரி விளக்கு தழும்பில் பட்டுச் சிதறும். அந்தக் கண் தூரத்துக்கு மட்டும்தான், கிட்டே படிக்க வேறு கண்ணாடி. வெர்னியர் அளவுகோலைப் படிக்கும்போது இடது கண்தான் துணை. போடும் கண்ணாடி எப்போதும் எளிதில் உடையாத பாலிகார்பனேட், பட்டறையில் பக்கவாட்டு மறைப்போடு. அம்மி கொத்துகிறவர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த இடுக்கல் ஒரு சில்லையும் நிறுத்தாது. இப்போதைய பட்டறையில் உளிகளின் தலைப் பிசிறை மாதம் ஒருமுறை கிரைண்டரில் நானே வழித்துவிடுகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு.

ஒன்றை யாரும் முன்னால் சொல்லவில்லை. வலது கண்ணில் நீலம் கூடுதல் நீலமாகத் தெரிகிறது, வெள்ளை வெளேரென்று இருக்கிறது. இடது கண்ணில் அதே வேட்டி லேசாகப் பழுப்பு. நம் சொந்த லென்ஸ் வயதாக ஆக மஞ்சளடிக்கும், புது லென்ஸ் அடிக்காது, அதுதான் காரணமாம். போன தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் என் மனைவி ஒரு புடவையை விரித்து, "இது கத்தரிப்பூக் கலருங்களா, ஊதாங்களா?" என்று கேட்டாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மாற்றி மூடிப் பார்த்தேன். "எந்தக் கண்ணுல பாத்துச் சொல்றீங்கன்னு மொதல்ல சொல்லுங்க" என்றாள்.